பரணில் கிடக்கும் பால்யத்தை ஆன்லைன் ஏலத்தில் விற்பது எப்படி?

ஏலத்தில் ஒரு பொருள் என்ன விலைக்குப் போகும் என்பது இரண்டாவதாக நிற்கும் ஆளின் கையில் இருக்கிறது. ஒரு பழைய காமிக்ஸுக்கு 2,000 ரூபாய் வரை தர ஒருவர் தயாராக இருக்கலாம். அடுத்தவர் 600 ரூபாயோடு விலகிவிட்டால், 600-ஐச் சற்றுத் தாண்டியதுமே ஏலம் முடிந்துவிடும். அந்த அடுத்தவர் 1,800 வரை துணிந்து வந்தால்தான் உங்களுக்கு நல்ல விலை. கீழே சொல்லியிருக்கும் எல்லா வேலையும் இதற்காகத்தான். அந்த இரண்டாவது ஆள் உங்கள் பொருளைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு சந்தேகப்பட்டு ஒதுங்காமல் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை புதிதாக விற்க வருபவர்களுக்கு. சின்ன வயதில் சேர்த்த காமிக்ஸ், பொம்மை, தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் அட்டை, தபால்தலை ஆல்பம் என்று வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

முதலில் பெட்டியைப் பிரியுங்கள்

பெட்டியை இறக்கியதும் உங்களோடு அதைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அண்ணனும் நீங்களும் சேர்ந்து காசு போட்டு வாங்கிய புத்தகமாக இருக்கும். விற்ற பிறகு அவர் கேட்டால் திரும்ப வாங்கித்தர முடியாது. அப்படியே உங்களுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். மனசு இழுக்கிற பொருளை ஏலத்தில் போட்டுவிட்டுப் பாதியில் பின்வாங்கினால், ஏலம் கேட்டவர்கள் அடுத்த முறை உங்கள் பக்கம் வரமாட்டார்கள்.

பள்ளி ஆட்டோகிராஃப் புத்தகம், ஸ்லாம் புக், கடிதங்கள், வகுப்புப் புகைப்படம் ஆகியவற்றை விற்காதீர்கள். அவற்றில் மற்றவர்களின் பெயரும் முகவரியும் மனசும் இருக்கின்றன.

மிச்சம் உள்ளவற்றில் எதற்குத் தேவை இருக்கிறது? தமிழ்க் காமிக்ஸுக்கு உறுதியான வட்டம் ஒன்று இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து வந்த ராணி காமிக்ஸ் இவற்றின் ஆரம்ப இதழ்களை நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் தேடுகிறார்கள். பழைய கதைகள் மறுபதிப்பாக வந்துகொண்டிருப்பதால், படிக்க மட்டும் விரும்புகிறவருக்குப் பழைய பிரதி தேவையில்லை. ஆனால் அன்று பெட்டிக்கடையில் தொங்கிய அதே இதழ், அதே அட்டை, அதே விலை அச்சிட்டது வேண்டும் என்பவர் மறுபதிப்பால் சமாதானம் ஆகமாட்டார். உங்கள் வாடிக்கையாளர் அவர்தான். 1947-இலிருந்து வந்த அம்புலிமாமாவுக்கும், 1964 முதல் 1990 வரை வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸுக்கும் இதேபோல ஆட்கள் உண்டு. எந்த வரிசையாக இருந்தாலும் முதல் சில இதழ்களும், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்களும்தான் முன்னால் போகும்.

பொம்மைகளில் பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தியாவில் மட்டும் தயாரானவற்றை வெளிநாட்டில் தேடுகிறார்கள் என்பது. அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்த ஜி.ஐ. ஜோ ராணுவ வீரர் பொம்மைகள் பலவற்றில் நிறமும் துணைப்பொருளும் அமெரிக்கப் பதிப்பிலிருந்து மாறியிருக்கும். அந்த வித்தியாசத்துக்காகவே அங்கே வாங்குகிறார்கள். லியோ மேட்டல் பெயரில் இங்கே வந்த ஹாட் வீல்ஸ் கார்களுக்கும், டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்களின் அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் செய்த நிக்கி டாய்ஸ் கார்களுக்கும் இதே கதைதான். பொம்மையைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘மேட் இன் இந்தியா’ என்ற அந்தச் சின்ன எழுத்துக்குத்தான் மதிப்பு.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு, பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டை, சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டிப் படங்கள் ஆகியவை ஒவ்வொன்றாக விலை போகா. கட்டுக் கட்டாகப் போடுங்கள். முழு ட்ரம்ப் கார்டு செட் என்றால் ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி, எண்ணிக்கையை எழுதிவிடுங்கள்.

சின்ன வயதுத் தபால்தலை ஆல்பத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அதில் பெரிய பணம் இருக்காது. கோடிக்கணக்கில் அச்சான தலைகளைத்தான் நாம் எல்லோரும் ஈரம் காட்டிப் பிரித்து ஒட்டினோம். அரிதாக ஏதோ இருப்பதாகத் தோன்றினால் பொது ஏலத்தில் போடாமல், தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 1948-இல் வந்த 10 ரூபாய் காந்தி தலையைப் போன்றவற்றுக்குப் போலிகள் நிறைய.

நிலையைச் சரியாகச் சொல்வது

சேகரிப்பாளர் முதலில் கேட்பது ‘கண்டிஷன் எப்படி?’ என்றுதான். காமிக்ஸ் என்றால் இவற்றைப் பாருங்கள். அட்டை ஒரிஜினலா? நடுப்பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா? எல்லாப் பக்கமும் இருக்கிறதா? (ஒவ்வொரு பக்கமாக எண்ணுங்கள், புரட்டிப் பார்த்துவிட்டு ‘முழுசா இருக்கு’ என்று எழுதாதீர்கள்.) போட்டிக்காகக் கூப்பன் வெட்டியிருக்கிறதா? புதிர்ப் பக்கத்தில் பேனாவால் நிரப்பியிருக்கிறதா? வாடகை நூலக முத்திரை இருக்கிறதா? ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறதா?

பைண்டிங் ஒரு தனி விஷயம். நம் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்துக் காலிகோ துணி அட்டை போட்டு வைப்பது வழக்கம். அப்போது பைண்டர் மூன்று பக்கமும் விளிம்பை வெட்டியிருப்பார். சிலர் அட்டைகளையே கிழித்துப் போட்டிருப்பார்கள். பைண்டிங்கைப் பிரித்துத் தனி இதழாக விற்றால் கூடுதலாக வரும் என்று தோன்றும். பிரிக்காதீர்கள். முதுகு கிழிந்து, ஊசி ஓட்டை தெரிந்து, இருக்கிற மதிப்பும் போய்விடும். பைண்டு தொகுப்பாகவே, உள்ளே உள்ள இதழ்களின் பட்டியலோடு போடுங்கள். அட்டைகள் உள்ளே பத்திரமாக இருந்தால் அதை முதல் வரியில் சொல்லுங்கள்.

பழுது பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், பழுப்பான காகிதத்தை வெயிலில் காயவைக்காதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, நிழலில் ஓரிரு நாள் காற்றாட வைத்தால் அந்துருண்டை வாசமும் பூஞ்சை வாசமும் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பொம்மையில் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஜி.ஐ. ஜோ மாதிரியான சின்ன உருவங்களில் மேலுடலையும் காலையும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். பல வருடம் கழித்து அது இற்றுப்போய் பொம்மை இரண்டாகப் பிரிந்துவிடும். இது சாதாரண விஷயம்தான். வளையத்தை மாற்றியிருந்தால் ‘மாற்றியது’ என்று எழுதினால் போதும், யாரும் குறைசொல்ல மாட்டார்கள். கட்டைவிரல் உடைந்திருப்பதும் தொடை இணைப்பு விரிசல் விட்டிருப்பதும்தான் விலையைக் குறைக்கும். துப்பாக்கி, ஹெல்மெட், முதுகுப்பை, பொம்மை வந்த அட்டையின் பின்பக்கத்திலிருந்து வெட்டி வைத்த விவரச் சீட்டு எதுவாக இருந்தாலும் தேடுங்கள். சில நேரம் பொம்மையைவிட அதன் துப்பாக்கிக்குத்தான் ஆள் காத்திருப்பார். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் ‘சேகரிப்புக்கு மட்டும், குழந்தைகள் விளையாட அல்ல’ என்று ஒரு வரி சேருங்கள்.

விலையை எங்கே பார்ப்பது

இணையத்தில் ஒருவர் ஒரு காமிக்ஸுக்கு 15,000 ரூபாய் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் விலை என்று நம்பிவிடுகிறோம். அது அவர் கேட்கும் விலை. வருடக்கணக்காக விற்காமல்கூடக் கிடக்கலாம். விற்ற விலை வேண்டும். ஈபே என்ற உலகளாவிய ஏலத் தளத்தில் தேடிவிட்டு, வடிகட்டும் பகுதியில் ‘சோல்ட் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் கடந்த 90 நாட்களில் உண்மையில் விற்றவை மட்டும் வரும். ஃபேஸ்புக் சேகரிப்பாளர் குழுக்களில் பழைய ஏலப் பதிவுகளைத் தோண்டி, கடைசிக் கமென்ட்டில் நின்ற தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு நாலைந்து விலை கிடைத்தால் அதிகபட்சத்தை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை நம்புங்கள். அந்த அதிகபட்சம் இரண்டு பேர் வீம்புக்கு மோதிய நாளாக இருக்கலாம்.

எந்த இடத்தில் போடுவது

ஈபே தன் இந்தியத் தளத்தை 2018 ஆகஸ்டில் மூடிவிட்டது. அதற்குப் பிறகு உள்நாட்டில் இந்த மாதிரிப் பொருளுக்கான ஏலம் பெரும்பாலும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. வெளிநாட்டுக்கு விற்க ஈபேயில் இந்தியாவிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளலாம். எதை எங்கே போடுவது என்பதில் என் கருத்து இது: தமிழில் அச்சான எல்லாமே தமிழ்க் குழுக்களுக்கு. இந்தியத் தயாரிப்புப் பொம்மைகள் ஈபேக்கு. ஓஎல்எக்ஸ் மாதிரியான இடங்களில் ஏலம் கிடையாது, பேரம்தான். அங்கே வருபவர் பழைய பேப்பர் விலைக்குக் கேட்பார்.

குழுவில் சேர்ந்தவுடனே விற்க ஆரம்பிக்காதீர்கள். சில வாரம் இருந்து, மற்றவர்கள் ஏலத்தைக் கவனியுங்கள். சின்னதாக ஒன்றிரண்டு வாங்குங்கள். பணத்தை உடனே கொடுக்கிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால், நீங்கள் விற்கும்போது தயங்காமல் கேட்பார்கள். ஈபேயிலும் புதிய விற்பனையாளருக்கு மாதத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. நல்ல மதிப்புரை சேரச் சேர அது உயரும். அதனால் உங்களிடம் உள்ளதில் மிகச் சிறந்ததை முதலில் போடாமல், சுமாரானவற்றில் கை பழகுங்கள்.

படமும் குறிப்பும்

காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம், ஃப்ளாஷ் இல்லாமல், ஒரே நிறத் துணிமேல் வைத்து எடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, ஸ்டேப்ளர் பின் தெரியும் நடுப்பக்கம், இதழ் எண்ணும் விலையும் அச்சான இடம் என்று எல்லாம் வேண்டும். பிறகு ஒவ்வொரு குறையையும் கிட்டத்தில் எடுங்கள். குறையை மறைப்பதால் விலை கூடும் என்று நினைப்பது புதியவர்களின் பொதுவான தப்பு. கிழிசலின் படம் இருந்தால் அனுபவசாலி நிம்மதியாகக் கேட்பார். படம் இல்லையென்றால் இதைவிட மோசமாக ஏதோ இருக்கிறது என்று எண்ணி 300 ரூபாய் குறைத்துத்தான் கேட்பார். ஒரு படத்திலாவது உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வையுங்கள். வேறு யாருடைய படத்தையும் நீங்கள் எடுத்துப் போடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

ஈபே தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். ‘அருமையான’, ‘அரிய’ மாதிரி வார்த்தைகளை யாரும் தேடுவதில்லை. தயாரிப்பாளர், பொருளின் பெயர், ஆண்டு, இந்தியா என்ற சொல் இருந்தால் போதும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். குழுவில் போடும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘ராணி காமிக்ஸ், எண்பதுகளின் இதழ்கள் 6, தனித்தனி, பைண்டு செய்யாதவை. எண்களும் அட்டைகளும் படத்தில். எல்லாப் பக்கமும் எண்ணிச் சரிபார்த்தது. மூன்றாவது இதழில் பின்னட்டை மூலை கிழிசல், ஐந்தாவதில் பெயர் எழுதியிருக்கிறது. பின்கள் லேசான துரு. ஆரம்ப விலை 600, ஏற்றம் குறைந்தது 50. ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிவு. கடைசி 5 நிமிடத்தில் கேட்டால் மேலும் 5 நிமிடம் நீளும். தபால் செலவு தனி. 24 மணி நேரத்தில் பணம்.’

அவ்வளவுதான். இந்தப் புத்தகத்துக்காகத் தாத்தாவிடம் அடம்பிடித்த கதையை எழுதத் தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிறவருக்கு அவருடைய தாத்தா இருக்கிறார்.

ஏலம் ஓடும்போது

ஆரம்ப விலையில் இரண்டு வழி. நிறையப் பேர் பார்க்கும் இடம், தேடப்படும் பொருள் என்றால் குறைவாகத் தொடங்கலாம். கூட்டம் தானே ஏற்றிவிடும். உங்கள் குழுவில் வழக்கமாகக் கேட்பவர்கள் நாலைந்து பேர்தான் என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம். எந்த விலைக்குப் போனால் வருத்தப்பட மாட்டீர்களோ அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரே ஆள் கேட்டு அந்த விலைக்கே போனாலும் பொருளை மனமாரக் கொடுக்க வேண்டும்.

ஈபேயில் வாங்குபவர் தன் உச்ச வரம்பை முன்கூட்டியே போட்டு வைப்பார். அடுத்தவர் கேட்கக் கேட்க, அவர் சார்பில் தளமே ஒரு படி உயர்த்திக்கொண்டு போகும். கடைசி சில நொடிகளில் வந்து கேட்பவர்களும் அங்கே அதிகம். அதனால் ஆறு நாளாக ஒருவரும் சீண்டவில்லையே என்று பயந்து ஏலத்தை நிறுத்திவிடாதீர்கள்.

முடிவு நேரத்தை யோசித்து வையுங்கள். தமிழ்க் குழு என்றால் இந்திய நேரம் இரவு 8 மணி நல்ல நேரம். துபாயில் 6:30, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10:30, கோடைக்காலத்தில் டொரன்டோவில் காலை 10:30. எல்லோரும் விழித்திருப்பார்கள். மாதக் கடைசி வேண்டாம். சம்பளம் வந்த முதல் வாரத்தில் முடிகிற மாதிரி வையுங்கள். அமெரிக்கரை எதிர்பார்த்து ஈபேயில் போட்டால், அவர்களுடைய ஞாயிறு மாலை நமக்குத் திங்கள் அதிகாலை. 7 நாள் ஏலமாகத் திங்கள் காலை 6:30 மணிக்குத் தொடங்கினால் அடுத்த திங்கள் அதே நேரம் முடியும். அமெரிக்காவின் இரு கரைகளிலும் அப்போது ஞாயிறு மாலையோ இரவோதான்.

மச்சானையோ நண்பரையோ விட்டு விலையேற்றிக் கேட்கச் சொல்லாதீர்கள். ஈபேயில் கணக்கே முடங்கும். குழுக்களில் யார் யாருக்கு வேண்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருமுறை பிடிபட்டால் அந்தப் பெயர் போகவே போகாது. இது ஏமாற்று வேலை, வேறு பெயரே கிடையாது. அதேபோல, ஏலம் நடக்கும்போது ‘இன்பாக்ஸில் 1,500 தருகிறேன், நிறுத்திவிடுங்கள்’ என்று ஒருவர் வந்தால், ஏலத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். அவர் அவசரப்படுகிறார் என்றால் பொருளுக்கு அதைவிட மதிப்பு இருக்கக்கூடும்.

பணம், பார்சல்

பணம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் போதாது, உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். யூபிஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் போடவே வேண்டாம். ‘இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்’ என்று யார் சொன்னாலும், அவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தை முதலில் பாலிதீன் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அதைவிடப் பெரிய கெட்டி அட்டை வைத்து, டேப்பை அட்டையில் மட்டும் ஒட்டுங்கள். நான்கு மூலையும் அட்டைக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவதானால் வெளியேயும் ஒரு பிளாஸ்டிக் சுற்று. பொம்மையை ஒரு பெட்டிக்குள் ஆடாமல் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். துப்பாக்கி மாதிரிச் சின்னவற்றைத் தனி ஜிப் பையில் போட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். பேக் செய்வதை ஒரே வீடியோவாக எடுத்து வைத்தால் பின்னால் வாக்குவாதம் வராது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. எடை போட்டுச் செலவை முன்பே தெரிந்துகொண்டு சொல்லுங்கள். ஏலம் முடிந்த பிறகு தபால் செலவைக் கூட்டினால் யாருக்கும் பிடிக்காது.

வெளிநாட்டுக்கு என்றால்

விற்பனைக்காக ஏற்றுமதி செய்ய ஐஇசி எனப்படும் ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண் வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஈபே எடுக்கும் கமிஷன் பொருள் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவர் தரும் தபால் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். இதை மறந்து விலை வைத்தால் கையைக் கடிக்கும்.

800 டாலருக்குக் குறைவான பார்சலுக்கு வரி இல்லை என்று அமெரிக்காவில் இருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்துவிட்டது. ஆகவே அங்கே அனுப்புமுன் வரியை யார் கட்டுவது என்பதைத் தபால் நிலையத்திலும் வாங்குபவரிடமும் பேசித் தெளிவுபடுத்துங்கள். சிலர் சுங்கப் படிவத்தில் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்வார்கள். விற்ற பொருளை அப்படி எழுதுவது பொய் வாக்குமூலம். மறுத்துவிடுங்கள். தொலைந்துபோனால் எழுதிய தொகைக்கு மேல் கேட்கவும் முடியாது.

சிலவற்றை அனுப்பவே கூடாது. சின்ன வயதில் சேர்த்த மயிலிறகை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. தந்தப் பொருளை விற்பதே குற்றம். கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பிகளிலும் சில வகைகள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. தாத்தா பெட்டியிலிருந்து 100 வருடத்துக்கு மேலான நாணயமோ சிலையோ, 75 வருடத்துக்கு மேலான கையெழுத்துச் சுவடியோ வந்தால் அது 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் விற்காதீர்கள்.

வரி பற்றி: வீட்டில் பயன்படுத்திய பொம்மை, புத்தகம் போன்ற சொந்த உபயோகப் பொருட்கள் மூலதன ஆதாயக் கணக்கில் வருவதில்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை வரும். விற்பதற்கென்றே வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டால் அது தொழில் வருமானம். அப்போது ஆடிட்டரிடம் பேசுங்கள்.

ஏலம் போகாமல் நின்றவற்றை அடுத்த வாரமே திரும்பப் போடாதீர்கள், ஓரிரு மாதம் போகட்டும். இரண்டாவது முறையும் போகாவிட்டால் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாகப் போடுங்கள். அச்சுப் பொருளாக இருந்தால், பழைய தமிழ் அச்சுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் வேண்டுமா என்று விசாரிக்கலாம். விசாரிக்கும்போது இதழின் பெயர், எண், மாதம், ஆண்டு, நிலை என்று நீங்கள் ஏலத்துக்காகத் தயாரித்த அதே பட்டியலை அனுப்பினால், அவர்களிடம் இல்லாதது எது என்று பார்த்துச் சொல்வது சுலபமாக இருக்கும்.